இரண்டாம் தடவை கூப்பிடாத பெயர்

எங்கள் வீட்டில் மகனை ஒரு தடவைதான் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். அவன் காதில் விழவில்லை என்றால் எழுந்து போய்த் தோளைத் தொடுவோம். மாடியில் இருந்தால் படி ஏறிப் போவோம். இரண்டாம் தடவை கூப்பிடுவது கிடையாது. அவனுக்கு இப்போது பதினேழு வயது. காரணம் தெரியாது. அம்மாவுக்குக் கத்தப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அவன் பெயர் சாமுவேல்.

பெயர் வைத்தபோது எனக்குச் சந்தோஷம்தான். எட்டு மாதம் கழித்துப் பயம் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

முதலில் எனக்குப் பெயர் வைத்ததைச் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு அக்கா பிறந்த பிறகு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதற்கடுத்து நான். ஊர் முசரவாக்கம். நான் பிறந்ததும் என்னைக் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒன்றும் தெரியாதவள் போல வந்து, யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை என்று தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் என் அம்மா ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து என்னை வாங்கி வந்தாள். சாவு தேடி வந்தால் அந்த வீட்டில் பிறந்த பிள்ளை இருக்கக் கூடாது. தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைதான் இருக்க வேண்டும். அப்படி ஒரு ஏற்பாடு. பெயரும் அதற்குத் தகுந்தது. குப்பையில்தான் தொடங்கும். பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள். அந்தப் பேர்தான் உன்னை உயிரோடு வைத்திருக்கிறது என்று அக்கா சொல்லுவாள். நான் நம்பினேன்.

அதனால் பெயர் என்பது சும்மா கூப்பிட வைப்பது என்று நான் என்றைக்கும் நினைத்ததில்லை. அஞ்சாவதோடு படிப்பு நின்றது. ஆனால் இது தெரியும்.

கல்யாணமாகிக் காஞ்சிபுரம் வந்தேன். வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர்கள் அப்பா காலத்திலிருந்து சர்ச்சுக்குப் போகிறவர்கள். எங்கள் பக்கம் அம்மன் கும்பிடுகிறவர்கள். இரண்டும் ஒரே ஜனம்தான். ஒரே ஏரிக்குக் கீழே கூலிக்கு நடவு நட்டவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு நானும் சர்ச்சுக்குப் போனேன். பாயில் உட்கார்ந்தேன். பாட்டுக் கற்றுக்கொண்டேன். வேதப்புத்தகத்தில் எழுத்து மிகவும் சின்னது. நான் எழுத்துக் கூட்டி ஒரு வரி முடிப்பதற்குள் மற்றவர்கள் பக்கம் திருப்பிவிடுவார்கள். அதனால் காதால் கேட்டதோடு சரி.

அங்கே எல்லாருக்கும் நல்ல பெயர்கள். ஒருத்தர் பெயருக்கு ஆறுதல் என்று அர்த்தம். ஒருத்தர் பெயருக்குச் சமாதானம். கேட்டால் முகம் மலரச் சொல்லுவார்கள். என் பெயருக்கு அர்த்தம் யாரும் கேட்கவில்லை.

எனக்கும் என் அம்மா மாதிரியே ஆனது. முதல் இரண்டும் நாலாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டன. அப்போது நான் தறி வீடுகளில் பாவு பிணைக்கப் போய்க்கொண்டிருந்தேன். இப்போதும் அதுதான் வேலை. பாவு என்றால் தறியில் நீளவாட்டில் ஓடுகிற இழைகள். சேலை நெய்து முடிந்ததும் பழைய பாவின் நுனியைத் தறியிலேயே விட்டு வைத்திருப்பார்கள். புதுப் பாவு வந்ததும் ஒவ்வொரு இழையாக எடுத்து, விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, பழைய இழையோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். முடிச்சு கிடையாது. முறுக்கிலேயே நிற்கும். ஆயிரக்கணக்கில் இழை. வாய் பேசினால் தப்பிவிடும். மனசு பேசலாம்.

மூன்றாவது தடவை நாள் தள்ளிப்போனபோது, அப்படி முறுக்கிக்கொண்டே கேட்டேன். ஒண்ணு குடு. ஒவ்வொரு இழைக்கும் ஒரு தடவை. ஒண்ணு குடு, ஒண்ணு குடு. அவ்வளவுதான் கேட்டேன். பதிலுக்கு எதையும் தருகிறேன் என்று சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. இதைப் பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளை பிறந்தான். மூன்று கிலோ. வீட்டுக்காரர்தான் பெயரைச் சொன்னார்.

"நீ கேட்டு வாங்கினே. அப்ப சாமுவேல்தான்."

பிள்ளையைச் சபையில் பிரதிஷ்டை பண்ணிய அன்றைக்குப் பாஸ்டர் பிள்ளையைக் கையில் வாங்கித் தூக்கிக் காட்டினார். பிள்ளை இல்லாத ஓர் அம்மா கோயிலில் அழுது அழுது கேட்டாள், ஆண்டவர் கொடுத்தார், கேட்டு வாங்கியவன் என்று அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்தாள் என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது. பாஸ்டர் அதோடு நிறுத்திவிட்டார். பிரியாணி ஆறுகிறது என்று சமையல்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டார்.

மீதியைப் பெண்கள் ஜெபக்கூட்டத்தில்தான் கேட்டேன். பிள்ளைக்கு எட்டு மாதம். ஒரு வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற அம்மா ஒருத்தர் அந்தக் கதையை வாசித்துக்கொண்டிருந்தார். நான் முந்தானைக்குள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு கேட்டேன். அந்த அம்மா கேட்கும்போதே ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறாள். பிள்ளையைக் கொடுத்தால் உனக்கே திருப்பித் தருகிறேன் என்று. பிள்ளை பால் மறந்ததும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கே இருந்த பெரியவரிடம் விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

நான் வாசித்தவரைக் கேட்டேன்.

"அப்பறம் எப்ப கூட்டினு வந்தாங்க?"

"எங்க கூட்டினு வந்தாங்க? அங்கயே உட்டுட்டாங்கமா. வருசத்துக்கு ஒரு தபா போய் பாத்துட்டு வருவாங்க."

"சின்னப் புள்ளைய?"

"ஆமாமா. எவ்ளோ பெரிய விசுவாசம் பாரு."

பக்கத்தில் இருந்தவர் ஸ்தோத்திரம் என்றார். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தான். அவன் வாய் என் மேல் இருந்தது. எனக்கு முதுகெல்லாம் வேர்த்தது.

நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் கேட்டேன். அந்தப் பெயரையும் வைத்தேன். சபைக்கு நடுவில் தூக்கிக் காட்டி ஆமென் சொன்னேன். எங்கள் ஊரில் சாமியிடம் ஒன்று கேட்டு வாங்கினால் ஒன்று கொடுத்துத்தான் தீர வேண்டும். மொட்டையோ, ஆடோ, பொங்கலோ. கொடுக்காவிட்டால் சாமியே வந்து எடுத்துக்கொள்ளும். எடுக்கும்போது ஆட்டை எடுக்காது. என் பிள்ளையின் பெயரிலேயே பாக்கி எழுதியிருந்தது. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஒன்று தோன்றியது. பால் மறந்ததும்தானே விட்டாள். பால் மறக்காவிட்டால்?

நான் பாலை நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடமும்.

ஒரு வயசு ஆனது. இரண்டு ஆனது. மூன்று ஆனது. அவன் நடந்தான், ஓடினான், வாய் ஓயாமல் பேசினான். பால் மட்டும் விடவில்லை. நான் விடவிடவில்லை. சோற்றைப் பிசைந்து ஊட்டினால் இரண்டு வாய், பிறகு முந்தானையை இழுப்பான். நான் கொடுத்துவிடுவேன். அவன் குடிக்கிற நேரம் மட்டும் எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கும். இன்றைக்கு இல்லை என்று இருக்கும்.

தறி வீட்டுக்கும் கூட்டிக்கொண்டுதான் போவேன். அந்த வீட்டு அம்மா தெலுங்கு பேசுகிறவர். நல்ல மனுஷி, வாய்தான் சும்மா இருக்காது.

"ஏமே, உம் மவனுக்கு மீச மொளைச்சப்பறமாவது நிறுத்துவியா?"

"நிறுத்தணும்கா."

"கண்ணாலத்தன்னிக்கி மாப்பிள்ளய மேடைல காணோம்னு தேடுவாங்கோ. இவன் உம் முந்தானைக்குள்ள இருப்பான்."

தறியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விரலில் இருந்த இழை தப்பிவிட்டது. அவர்களுக்கு அது வேடிக்கை. நான் சொல்லவா முடியும்?

மூன்றரை வயதில் அவன் வெளுத்துப்போனான். உள்ளங்கை காகிதம் மாதிரி இருந்தது. ஓடிக்கொண்டிருந்தவன் ஓடவில்லை. சுவரோரம் உட்கார்ந்து மண்ணைக் கிள்ளித் தின்றான். எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் பாலைத்தான் கொடுத்தேன்.

சித்திரை மாதம். மத்தியானம். நான் பாவு பிணைத்துக்கொண்டிருந்தேன். அவன் காலையிலிருந்து கொஞ்சம் சூடாக இருந்தான். தறிக்குப் பக்கத்தில் துணி விரித்துப் படுக்க வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தபோது கண் மேலே சொருகிக் கை கால் இழுத்துக்கொண்டிருந்தது. நான் கத்தவில்லை. கையில் சாம்பலோடு தூக்கினேன். தெலுங்கு அம்மாதான் கத்தினார், என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். ஆட்டோ வந்தது. உள்ளே இருந்த சவாரியை நடுவழியில் இறக்கிவிட்டு வந்திருந்தார். பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் நான் ஒன்றுதான் சொன்னேன். இன்னும் பால் மறக்கல, இன்னும் பால் மறக்கல. வீட்டுக்காரர் நான் உளறுகிறேன் என்று நினைத்தார்.

ஊசி போட்டார்கள். இழுப்பு நின்றது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நர்ஸம்மா ஒருவர் வந்து அவன் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"என்னா குடுக்கிற இவனுக்கு?"

"பாலு."

"பாலுன்னா? பாக்கெட் பாலா?"

நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். அவருக்குப் புரிந்தது.

"எத்தினி வயசு? மூணரையா? இன்னாமா நீ! ஒடம்புல ரத்தமே இல்ல இவனுக்கு. உனக்கும் இல்ல, உன்னயும் பாத்தாலே தெரியுது. காய்ச்சல் வந்தா தாங்கமாட்றான். இன்னியோட நிறுத்து. சோறு, கீரை, முட்டை. நிறுத்தலன்னா அடுத்த தபா தூக்கினு வரப்ப நான் இன்னா சொல்லுவேன்னு தெரியாது."

அவர் போய்விட்டார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். கொடுத்தால் இப்படிப் போவான். நிறுத்தினால் அப்படிப் போவான். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது. அப்போதுதான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஜெபக்கூட்டத்திலிருந்து எல்லாவற்றையும்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"இதுக்கா மூணு வருசமா?"

"ம்."

"அது கதைமா. எப்பவோ நடந்தது. நான் சண்டே ஸ்கூல்லயே படிச்சது."

"முழுசும் தெரியுமா உனக்கு? கோயில்ல உட்டது?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா அந்தப் பேர வெச்ச?"

"நல்ல பேருமா அது."

"கதைன்னா அந்தப் பேரு எதுக்கு நமக்கு?"

அவர் வெளியே போய் டீ வாங்கி வந்தார். டீயை என் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் பயம் வந்துவிட்டது என்று தெரிந்தது. அதுவரைக்கும் எனக்கு மட்டும்தான் இருந்தது.

மறுநாள் அக்கா முசரவாக்கத்திலிருந்து கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள். அவளிடமும் சொன்னேன். அக்கா ஒன்றுக்கும் அசரமாட்டாள்.

"இதுல இன்னாடி கொழப்பம்? கேட்டு வாங்கினா குடுத்துதான் ஆவணும். குடுத்துடு."

"அக்கா!"

"இர்றீ. குடுத்துட்டுத் திரும்ப வாங்கிக்க. உன்ன எப்பிடி வாங்கினாங்க நம்ம வூட்ல? ஒரு மொறம் தவுடு."

"சர்ச்சுல யாருக்கா தவுடு வாங்குவாங்க?"

"சாமிக்குத் தவுடு இன்னா, தங்கம் இன்னா? உங்க சாமிக்கு மாடு கன்னு கெடயாதா? மாட்டுக் கொட்டாய்லதான பொறந்துச்சு, படத்துல காட்றீங்களே."

வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டேன். அவன் வாய் வைத்துக் கசந்து துப்பினான். என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையைச் சொல்லத் தெரியவில்லை. நாலு நாள் அழுதான். எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல் அடித்தது. ஐந்தாம் நாள் அவனாகவே தட்டைக் காட்டினான். இரண்டு இட்லி தின்றான். பால் மறந்துவிட்டான். நாள் வந்துவிட்டது.

அன்றைக்கே கிளம்பினேன். காலை எட்டு மணி இருக்கும். ஞாயிறு இல்லை. அக்கா முந்தின நாளே தவிட்டைத் துணியில் மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தாள். வீட்டுக்காரர் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனார். சர்ச் இருக்கிற காம்பவுண்டுக்குள்ளேயேதான் பாஸ்டர் வீடும். பாஸ்டரம்மா கோழி வளர்ப்பார். பாஸ்டர் லுங்கி பனியனோடு பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஸ்தோத்திரம் பாஸ்டரய்யா. புள்ளைய உட்டுட்டுப் போறேன்."

"ஸ்தோத்திரம்மா. எங்க, ஊருக்கா?"

"இல்ல. உட்டுட்டுப் போறேன்."

"வேலையா? மத்தியானம் வரைக்கும்னா உடுமா, இன்னா இப்ப. வூட்ல பாத்துக்குவாங்க."

எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. சர்ச் கதவு திறந்திருந்தது. உள்ளே போனேன். முன்னால், பாஸ்டர் நின்று பேசுகிற இடத்துக்குக் கீழே, பாயில் அவனை உட்கார வைத்தேன். கையில் பிஸ்கட் கொடுத்தேன். எடுத்துக்கோ என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. இந்தா என்று மட்டும் சொன்னேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்தாள். பார்க்காமல் வந்துவிட்டேன்.

காம்பவுண்டுக்கு வெளியே சுவரோரம் உட்கார்ந்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். நாமாகப் போய் எடுக்கக் கூடாது. அந்தப் பக்கத்து ஆள்தான் கொண்டுவந்து தர வேண்டும். அதுதான் முறை. ஆட்டோ எதிரில் நின்றது. வீட்டுக்காரர் ஹேண்டிலில் தலை வைத்திருந்தார்.

உள்ளே அம்மா என்றான். பிறகு அழுதான். அழுகிற வரைக்கும் உயிர் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று அழுகை நின்றது. சத்தமே இல்லை. கோழி மட்டும் கத்தியது. நான் எழுந்தேன். அக்கா என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"ஒக்காருடி."

"சத்தம் இல்லக்கா."

"ஒக்காரு."

அவள் கையும் ஜில்லென்று இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. இழுப்பு வந்திருக்குமா, பாயில் கிடக்கிறானா, பாஸ்டர் பைக்கைத்தானே துடைத்துக்கொண்டிருப்பார் என்று மனசு ஓடியது. நானே கொண்டுபோய் வைத்தேன். இந்தா என்று சொன்னேன். யாரைக் கேட்பது?

கேட் திறந்தது. பாஸ்டரம்மா இடுப்பில் அவனை வைத்துக்கொண்டு வந்தார். அவன் வாயெல்லாம் சாம்பார்.

"இன்னாமா, நீ இங்கதான் குந்தினு இருக்கியா? நான் வேலைக்குப் போயிட்டன்னு நெனச்சேன். இவன் கோழிகூட வெளயாடிக்கினு சோறு கேக்கிறான். பழைய சாம்பார் ஊத்திப் பெசஞ்சு குடுத்தேன், அவ்ளோவும் துன்னுட்டான்."

நான் மூட்டையை நீட்டினேன்.

"இத வாங்கிக்கோங்க."

"இன்னா இது?"

"தவுடு."

"தவுடா? எங்க வூட்ல மாடு இல்லியேமா." சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். மூட்டையை வாங்கி அந்தப் பக்க இடுப்பில் இடுக்கிக்கொண்டார். பிள்ளையை என்னிடம் கொடுத்தார்.

அக்கா பெருமூச்சு விட்டாள். "வாங்கியாச்சு. எழுந்துரு."

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் பாஸ்டர் பைக்கில் வீட்டுக்கு வந்தார். கையில் அந்த மூட்டை.

"யம்மா, நான் திட்ட வரல. உங்க அக்காவ விசாரிச்சேன், எல்லாம் சொன்னாங்க. நம்ம ஆண்டவர் அப்பிடி யாரு புள்ளையயும் புடுங்குறவர் இல்லம்மா. அந்தம்மா குடுக்கறேன்னு பொருத்தன பண்ணாங்க, குடுத்தாங்க. நீ பண்ணல. பேரு வெச்சா அதெல்லாம் வராது. இந்தத் தவுடு கிவுடு நம்ம பழக்கம் இல்ல. இந்தா."

மூட்டையை வாசலில் வைத்தார். ஜெபம் பண்ணினார். போய்விட்டார். நல்ல மனசோடுதான் வந்தார். என் பிள்ளையை வாங்கிய தவிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது அவருக்குத் தெரியாது.

தவிடு திரும்பி வந்தால் பிள்ளை மறுபடி அவர்களுடையவன். நான் அந்த மூட்டையைத் தொடவில்லை. வாசலைத் தாண்டவும் இல்லை. பிள்ளையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வலிக்குதும்மா என்றான்.

வீட்டுக்காரர் சவாரி முடித்து வந்தார். மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூட்டையை எடுத்துக்கொண்டு, வந்த காலோடு திரும்பிப் போய் ஆட்டோவை எடுத்தார். அரைமணி நேரத்தில் வந்தார். கையில் வெறும் துணி. உதறிக் காட்டினார்.

"இன்னா பண்ண?"

"பாஸ்டரம்மா கோழிக்குப் போட்டுட்டேன். தண்ணி தெளிச்சு, பெசஞ்சு, எல்லாத்தையும். நின்னு பாத்தேன். கோழி துன்னுடுச்சுமா. இனிமே யாரும் திருப்பித் தர முடியாது."

கதை என்று சொன்னவர். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அந்தக் கோழிகளை நான் ரொம்ப நாள் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றைப் பாஸ்டர் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு அடித்துக் குழம்பு வைத்தபோது எனக்குச் சாப்பிட முடியவில்லை.

பிள்ளை தேறினான். ஆனாலும் பயம் முழுதாக விடவில்லை. ஆறு வயதில் சண்டே ஸ்கூலிலிருந்து ஓடி வந்து, தன் பெயருள்ள பையனின் கதையை நடித்துக் காட்டினான். ராத்திரி படுத்திருக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல். பெரியவர் கூப்பிட்டார் என்று எழுந்து ஓடுவான். அவர் நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்பார். திரும்பவும் குரல்.

"யாரு தெரியுமாம்மா? ஆண்டவரு! ரெண்டு தபா, மூணு தபா கூப்பிட்டாரு. இதோ இருக்கிறேன்னு சொன்னான்."

"ஒரு தபா கூப்டா?"

"ஒரு தபாவா இருந்தா வேற யாராவதா இருக்கும்."

அன்றிலிருந்துதான் ஒரு தடவை. எடுத்துக்கொள்ள வருகிற குரல்தான் இரண்டாம் தடவை கூப்பிடும், அது எங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். அவர் சும்மா தலையாட்டினார்.

போன வருஷம் நான் பாவு பிணைத்துக்கொண்டிருந்தபோது அவன் போனில் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அம்மா, எம் பேருக்கு எபிரெய பாஷைல தேவனோட நாமம்னு அர்த்தமாம். தேவன் காது குடுத்தார்னும் சொல்றாங்களாம்."

"கேட்டு வாங்கினதுன்னு இல்லியா?"

"அது அந்தம்மா சொன்னதாம். பாஷைக்கு சரியா ஒக்காரலன்னு எழுதிருக்கான்."

படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பெற்றவள் சொன்ன அர்த்தம் ஒன்று இருக்கிறதே. நான் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டேன்.

இந்த வருஷம் மழைக்குப் பிறகு, ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்றான். எங்கள் சபையில் ஆற்றில் முழுக்கித்தான் கொடுப்பார்கள். திருமுக்கூடலுக்கு வேனில் போனோம். மூன்று ஆறும் சேருகிற இடம். வழக்கமாக மணல்தான் இருக்கும். அன்றைக்குத் தண்ணீர் இருந்தது. இடுப்பளவு, நல்ல இழுப்போடு. பாஸ்டருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. வெள்ளை அங்கியோடு தண்ணீரில் நின்று, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கூப்பிட்டவர்கள் இறங்கினார்கள். முழுக்கி எடுத்தார். நான் கரையில் துண்டோடு நின்றேன்.

"சாமுவேல்."

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவன் தூரத்தில் வேனுக்குப் பக்கத்தில் சிநேகிதனோடு சிரித்துக்கொண்டிருந்தான். நான் ஓடினேன். மணலில் கால் புதைந்தது. பாஸ்டர் இன்னொரு தடவை கூப்பிடுவதற்குள் தோளைத் தொட்டுவிட வேண்டும். பத்தடி இருந்திருக்கும்.

"சாமுவேல்!"

"இதோ இருக்கேன் பாஸ்டர்!"

அவன் என்னைத் தாண்டி ஓடினான். நான் கையைப் பிடித்தேன். மணிக்கட்டு. பிடித்தது பிடித்தபடி நின்றேன். எல்லாரும் பார்த்தார்கள். பாட்டு நின்றுவிட்டது.

"உடும்மா. கூப்பிடறாங்க."

"தெரியும்."

"இன்னாம்மா? முழுக்கினா செத்தா பூடுவேன்? இடுப்பு வரைக்கும்தான் தண்ணி."

நான் விடவில்லை. விரல் திறக்கவில்லை. அந்தத் தண்ணீரும் பாஸ்டர் நீட்டிய கையும்தான் தெரிந்தது. அப்போது வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"கோழி துன்னுடுச்சுமா."

நான் விட்டேன்.

அவன் இறங்கிப் போனான். பாஸ்டர் ஒரு கையை முதுகில் வைத்தார். ஒரு கையால் மூக்கைப் பிடித்தார். ஏதோ சொன்னார். மல்லாக்கச் சாய்த்தார். தண்ணீர் மூடிக்கொண்டது. மேலே பாஸ்டரின் அங்கி மட்டும் மிதந்தது.

எழுந்தான். தண்ணீரைத் துப்பினான். கண்ணைத் திறக்க முடியாமல் கையை நீட்டிக்கொண்டு, "அம்மா, துண்டு" என்றான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன் போலிருக்கிறது.

"அம்மா!" என்று மறுபடியும் கூப்பிட்டான்.

துண்டை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன்.